அம்மா மாற்றிக் கறந்த நாள்

அம்மாவைக் கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது நர்ஸ் அவள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டினாள். இது எதற்கு என்று அம்மா கேட்டாள். ஆள் மாறிவிடக் கூடாது இல்லையா என்றாள் நர்ஸ்.

"நாங்க மாட்டுக்குக் கால்ல கட்டுவோம்" என்றாள் அம்மா. "கறக்கறவ குனிஞ்சுதான் இருப்பா. அவ கண்ணுக்கு நேரா இருக்கணும்ல."

நர்ஸ் சிரித்தபடி நரம்பில் மருந்து ஏற்றினாள். அது என்ன மருந்து, எத்தனை நாளில் உடம்பைவிட்டு வெளியேறும் என்று அம்மா அடுத்துக் கேட்டாள். முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதை அந்த வார்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டரும் கொஞ்சம் யோசித்தார். அன்று முழுக்க அம்மா நல்ல உற்சாகமாக இருந்தாள்.

அங்கிருந்து அவளை வீட்டுக்குத் திரும்ப அழைத்துவர முடியவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வருவதை எழுதுகிறேன்.

அம்மா மாடு வைத்துப் பிழைத்தவள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரை போட்ட கொட்டகை. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் கழிவு ஓடும் வாய்க்கால், நடுவில் பத்துக்கும் குறைவான மாடுகள். முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின். அளவெடுத்தே வாழ்ந்தவர் என்பதால் அப்பா அளந்துதான் பேசுவார். அவர் மிச்சம் வைத்ததை அம்மா பேசிவிடுவாள்.

நான் பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுப் பாலும் அங்கேதான் வரும். காலையில் டேங்கர் கொட்டகை கொட்டகையாக நின்று பாலை ஏற்றிக்கொள்ளும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கொட்டகைப் பாலிலிருந்தும் ஓட்டுநர் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துத் தனியாக வைத்துக்கொள்வார். ஆலை வாசலில் டேங்கர் பாலை நாங்கள் சோதிப்போம். மாட்டுக்குக் கொடுத்த மருந்து அதில் இருந்தால் மொத்தப் பாலும் சாக்கடைக்குப் போகும். பிறகு பாட்டில்களைத் திறந்து, யார் வீட்டு மருந்து என்று பார்ப்போம். அந்த வீட்டுப் பாலை, சுத்தம் என்று தெரியும்வரை எடுக்க மாட்டோம்.

அம்மாவின் பாட்டில் ஒருமுறைகூட மாட்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அம்மாவே சொல்லிவிடுவாள்.

மருந்து விஷயம் சிக்கலானதில்லை. மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்பு வழியாக மடிக்குள் மருந்து ஏற்றுவார்கள். மருந்து கிருமியைக் கொல்லும், கொஞ்சம் பாலோடு வெளியே வரும். காய்ச்சினாலும் பெரும்பாலும் போகாது. குடிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை வரும். எல்லோர் உடம்பிலும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகும். பிறகு உண்மையாகவே நோய் வந்து படுக்கும்போது மருந்து வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு மருந்தின் லேபிளிலும், இத்தனை நாள் பாலை விற்காதே, இத்தனை நாள் கறிக்கு அனுப்பாதே என்று போட்டிருக்கும். தொல்லை என்னவென்றால், பால் சீக்கிரமே பார்வைக்குத் தெளிந்துவிடும். மருந்து அதற்குப் பிறகும் தங்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எனவேதான் ரிப்பன். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் பின்னங்காலில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். அந்த மாட்டைக் கடைசியாக, தனி வாளியில் கறந்து, குழியில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ரிப்பன் அப்பாவின் பொறுப்பு. தைத்த துணியில் மிஞ்சியதில் சிவப்பாகப் பார்த்து, ஓரம் மடித்துத் தைத்துத் தருவார். மாட்டுக்கு எதற்கு ஓரம் என்று யாராவது கேட்டால், நூல் பிரிந்தால் எங்கள் வீட்டம்மாவிடம் பேச்சு வாங்க முடியாது என்பார்.

அம்மா தப்பே செய்யாதவள். இது அவளே சொன்னது. ஒருமுறை தப்பான பேருந்தில் ஏறிவிட்டு, வண்டி தப்பான வழியில் போகிறது என்று கண்டக்டரோடு சண்டை போட்டாள். இறங்கும்போது கண்டக்டர்தான் மன்னிப்புக் கேட்டார். அவளிடம் வாதத்தில் தோற்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம், தலைவர் பதவிக்குப் போட்டியே இருக்காது என்று அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டுவார்.

மாட்டுத் தரகர் அந்தச் சங்கத்தின் மூத்த உறுப்பினர். எங்கள் மாடு ஒன்று கறவை நின்று, கறிக்கு விற்கும் நிலைக்கு வந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அதற்குக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருந்தார்கள். தரகர் வண்டியோடு வந்து நின்றார். அம்மா நாள் முடியவில்லை என்றாள். கறிக்குப் போகிற மாட்டுக்கு நாளென்ன, நட்சத்திரமென்ன என்று தரகர் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஊசி போட்ட இடத்துச் சதையில் மருந்து எப்படித் தங்கும், சிறுநீரகத்தில் எப்படிச் சேரும், அதை வாங்கிச் சமைப்பவர் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று அம்மா ஆரம்பித்தாள். தரகர் வண்டியின் என்ஜினை அணைத்தார். பிறகு கீழே இறங்கினார். பிறகு உட்கார்ந்தார். போகும்போது, இனி அவரே எங்கே மாடு வாங்கினாலும் முதலில் ஊசியைப் பற்றிக் கேட்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாட்டை விட்டுவிட்டுத்தான்.

இன்னொரு உறுப்பினர் எதிர்க் கொட்டகைக்காரர். ஒருமுறை அவர் பாலில் மருந்து இருந்து டேங்கர் முழுக்கக் கீழே போனது. எல்லோரும் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். அம்மா மட்டும் அவர் வாசலுக்குப் போய் நின்றாள். அவர் கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை பேசினாள். அதற்குப் பிறகு கொட்டகைக்காரர்கள் கூட்டங்களில் அம்மா எழுந்தால் அவர் செருப்பைத் தேடத் தொடங்குவார்.

இனி அந்த நாள்.

எங்கள் மாடுகளில் இரண்டு அக்காள் தங்கை. இரண்டுக்கும் உடம்பு பழுப்பு, நெற்றி வெள்ளை. அக்காளுக்கு மடிநோய் வந்து மருந்து ஏற்றியிருந்தார்கள். பால் தெளிந்துவிட்டது, லேபிளில் போட்ட நாள் முடியவில்லை. காலில் ரிப்பன். அன்று காலை அந்த ரிப்பன் சாணியில் ஊறிப்போயிருந்தது. அம்மாவுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. அவிழ்த்து சோப்புத் தண்ணீரில் போட்டாள். அப்பாவைக் கேட்டிருந்தால் வேறொன்று கிடைத்திருக்கும். கேட்டால், மாடு எது என்று அவளுக்கே தெரியாதது போல ஆகிவிடும். மாட்டின் முகத்தைப் பார்த்தே சொல்பவள் அவள்.

இடையில் அப்பா தரை கழுவுவதற்காக மாடுகளை வெளியே கட்டி, கழுவி முடித்ததும் உள்ளே கட்டினார். அக்காள் இடத்தில் தங்கை, தங்கை இடத்தில் அக்காள். அம்மா கறக்க உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தாள்.

டேங்கர் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. மிச்சமிருந்த ஒரே மாட்டின் அடியில் அம்மா தனி வாளியோடு உட்கார்ந்தாள். தங்கை மாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. கறக்கும்போது கழுத்தைத் திருப்பி அம்மாவின் தலைத்துண்டை வாயால் கவ்வி இழுக்கும். அக்காளுக்கு இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. அன்று தலைத்துண்டு தலையைவிட்டுப் போனது.

அம்மா வாளியைக் காலிடுக்கில் வைத்தபடி அப்படியே இருந்தாளாம். அப்பா எனக்குப் பிறகு சொன்னார். "உங்கம்மா ஒண்ணுமே பேசல. எனக்குப் பயம் வந்துடுச்சு. நெஞ்சுவலியோன்னு நெனச்சேன்."

அவள் பேசாமலே இருந்திருக்கலாம். அவள் மாற்றிக் கறந்தது ஒரே ஒரு மாட்டின் பால், டேங்கரில் இருப்பதோ பல கொட்டகைகளின் பால். மாட்டாமல் போக வாய்ப்பு நிறைய. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், பரிசோதனை பற்றி என்னைக் குடைந்து கேட்டு வைத்திருந்தாள். சொன்னால் இத்தனை வருஷப் பேர் ஒரே காலையில் போகும். அதுவும் எதிர்க் கொட்டகைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அப்பா ஒரு யோசனை சொன்னார். "நான் கறந்ததா சொல்லிடேன். எனக்கென்ன, பேச்சு வாங்கிப் பழகினதுதானே."

"உங்களுக்குக் கறக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் அம்மா. "எவன் நம்புவான்?"

பிறகு எனக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. எடுத்ததும், டேங்கர் வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"வந்தா உள்ள விடாத."

"ஏம்மா?"

"நான் சொல்றேன்ல."

"அம்மா, வர்ற டேங்கரைக் காரணம் இல்லாம நிறுத்த முடியாது. நான் என்ன சொல்றது?"

"உங்கப்பா மாட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பின்னால் அப்பா, சொல்லு சொல்லு என்று ஊக்கம் கொடுப்பது கேட்டது. அம்மா தொண்டையைச் செருமினாள். "நான் மாத்திக் கறந்துட்டேன்டி."

போனை மறு காதுக்கு மாற்றினேன். பூகம்பம் என்றிருந்தால்கூட உடனே நம்பியிருப்பேன்.

"கேக்குதா?" என்றாள். "இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்."

நான் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வாசலில் டேங்கர்கள் வரிசையாக நிற்கும்போது மட்டும் கொஞ்சம் குறைவாக நல்லவர். அன்று வரிசை நீளம். எங்கள் பக்கத்து டேங்கர் வந்ததும், வீட்டு விஷயம் என்பதால் பரிசோதனையை நான் தொடவில்லை, அவரே செய்தார். எங்கள் சோதனைப் பட்டை தலைகீழாக வேலை செய்யும். பாலில் மருந்து இல்லாவிட்டால் கோடு விழும், இருந்தால் விழாது. இல்லாததற்குக் கோடு போடுகிற ஒரே ஆபீஸ் உங்களுடையதுதான் என்று அம்மா கேலி செய்வாள்.

கோடு விழுந்தது. கொஞ்சம் வெளுப்பு. ஆனாலும் கோடுதான். பல கொட்டகைப் பாலில் கலந்து மருந்தின் அளவு குறைந்துவிட்டது.

மேனேஜர் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேங்கர் பால் தேறிவிட்டது என்றார். எனக்கு வந்த போன் எனக்கு மட்டும் தெரிந்ததாகவே இருக்கட்டும், அம்மாவின் பேரும் தப்பிக்கும் என்றார். மருந்து இருப்பது தெரிந்த பிறகு, கலந்து குறைந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. சொன்னேன். விதி அவருக்கும் தெரியும், வரிசையும் தெரியும் என்றார். இரண்டில் எது நீளம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

எதிர்க் கொட்டகைக்காரரின் வண்டி. அம்மா முன் இருக்கையில் இருந்தாள். அவசரத்துக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. அவர் மிகவும் மெதுவாக, ரசித்து ஓட்டி வந்ததாக அம்மா பின்னாளில் குற்றம்சாட்டினாள். அவர் தரப்பு வேறு: "வழி முழுக்க நான் ஒரு வார்த்த கேக்கலம்மா. அதவிடக் கஷ்டமான காரியம் நான் செஞ்சதில்ல."

அம்மா நேராக மேனேஜரிடம் போனாள். தலையில் துண்டு, காலில் கொட்டகை ரப்பர் செருப்பு. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"உங்க டேங்கர் பால் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் மேனேஜர். "பாருங்க, கோடு விழுந்திருக்கு. நீங்க கறந்ததுல தப்பே இல்லாமகூட இருக்கலாம். ஏதோ குழப்பத்துல தோணியிருக்கும்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் எங்கள் அம்மாவிடம் போய், உனக்குக் குழப்பம் என்று சொல்லிவிட்டார்.

"தம்பி" என்றாள் அம்மா. "நான் தப்பு பண்ணேன்னு நானே சொல்றேன். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க கொட்டக பாட்டில எடுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் எங்கள் கொட்டகை பாட்டிலை எடுத்துப் பட்டையை நனைத்தார். அம்மா குனிந்து, பட்டைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதிர்க் கொட்டகைக்காரரும் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு கோடு வந்தது, அது பட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு. பக்கத்தில் வரவேண்டிய கோடு வரவில்லை. நாங்கள் நால்வரும் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா?" என்றாள்.

தன் தப்பை நிரூபித்து ஜெயித்த ஒரே ஆளை நான் அன்று பார்த்தேன். மேனேஜர் சங்கத்தில் சேர்ந்தார்.

டேங்கர் பால் சாக்கடைத் தொட்டிக்குப் போனது. அம்மா வெளியே நின்று கடைசி வரை பார்த்தாள். அது தடிமனான குழாய், பால் சத்தத்தோடு விழும். அந்தப் பாலில் எதிர்க் கொட்டகைக்காரருடையதும் இருந்தது. அவர் அவளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குப் போலாமா அக்கா?" அம்மா வெளிச்சம் போன முகத்தோடு தலையை ஆட்டினாள். அவ்வளவு சின்னதாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டியில் ஏறும்போது ரப்பர் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், யார் யார் பால் அந்த டேங்கரில் போனதோ அந்த வீடுகளுக்கெல்லாம் அம்மா நடந்தே போனாள். அப்பாவும் கூடப் போனார். முதல் வீட்டு வாசலில் சொல்ல வாய் வரவில்லையாம். அப்பா ஆரம்பித்து வைக்கப் போக, "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு முழுசாத் தெரியாது" என்று பேச்சைப் பிடித்துக்கொண்டாள். ரிப்பனை ஏன் அவிழ்க்கக் கூடாது, மாடு இடம் மாறினால் என்ன செய்ய வேண்டும், தரை கழுவிய பிறகு ஏன் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு வரும்போது குரல் பழையபடி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனவள் பாடம் எடுத்துவிட்டு வந்தாள் என்றார் அப்பா. இரண்டு வீட்டில் நாற்காலி போட்டார்களாம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. அந்த வாசலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள் என்று மட்டும் அப்பா சொன்னார்.

மறுநாள் காலை டேங்கர் எங்கள் வாசலில் நிற்காமல் போனது. நின்றிருந்தால் ஓட்டுநரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். நிற்காமல் போனதற்கும் முகம் வாடினாள். எங்கள் பால் மறுபடி தேறி டேங்கரில் ஏறும்வரை தெருவில் யாரோடும் வாதம் செய்யவில்லை. எல்லோருக்கும் வெறிச்சென்று இருந்ததாம். எதிர்க் கொட்டகைக்காரர் ஒருநாள் வேண்டுமென்றே அவள் கண்ணில் படும்படி மருந்து பாட்டிலை லேபிள் பார்க்காமல் திறந்தார். அவருக்கு அன்று கேட்க வேண்டியதெல்லாம் கிடைத்தது.

பேர் போனதா என்றால், போனது. கூட்டங்களில் "ஒருமுறைகூட மாட்டாத கொட்டகை" என்று ஆலைக்காரர்கள் எங்கள் வீட்டைக் காட்டுவது நின்றது. பாடம் நடத்துபவளைப் பார்த்து, அக்கா இன்னைக்கு முகத்தைப் பாத்துக் கறந்தீங்களா என்று கேட்க இளசுகளுக்கும் துணிச்சல் வந்தது. அம்மா முறைப்பாள். முறைத்துவிட்டு, பார்த்தேன் என்று பதிலும் சொல்வாள்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. எங்கள் கூடத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. அதற்கு முன் மாற்றிக் கறந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, மாட்டாமல் போக வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் எப்போதாவது ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்தான், எங்களுக்கும் தெரியும். இப்போது அவர்களே கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டது எதிர்க் கொட்டகைக்காரர். டேங்கர் இன்னும் தெருமுனை தாண்டவில்லை, நிறுத்தச் சொல்லு என்றார். காரணம் கேட்டேன். "உங்கம்மா பண்ணதப் பண்ணிட்டேன்" என்றார். அவர் குரலில் வெட்கமே இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே சொன்னார்கள். அந்தம்மாவே சொன்ன பிறகு நமக்கென்ன என்பது அதன் பொருள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, தப்பைச் செய்துவிட்டு என் பேரை இழுக்கிறார்களா என்று கோபப்பட்டாள். இன்னும் யார் யார் கூப்பிட்டார்கள் என்று அடுத்த நாள் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள்.

அவள் இறந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பிய வாரம், கூடத்துப் போன் அடித்தது. புதிதாகப் பால் ஊற்ற ஆரம்பித்த ஒரு பெண், எங்கள் தெருவிலிருந்து வெகு தூரம்.

"மேடம், எங்க வீட்ல அந்தம்மா மாதிரி ஆயிடுச்சு."

"எந்தம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது தெரியாதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வண்டி கெளம்பிடுச்சு மேடம், நிறுத்த முடியுமா?"

முடியும் என்றேன். ஓட்டுநரின் எண்ணை அழுத்தினேன்.